கடைக்கோடிக் குழாயே உரைகல்: கிராம ஊராட்சிகளின் குடிநீர்ப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், தனி அலுவலர்கள், ஊராட்சிச் செயலர்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர்கள், கிராமக் குடிநீர் மற்றும் சுகாதாரக் குழுவினர் ஆகிய அனைவருக்கும்,

குடிப்பதற்குப் பாதுகாக்கப்பட்ட நீரை வழங்குவதைக் கிராம ஊராட்சியின் கடமைகளுள் ஒன்றாக 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வைத்திருக்கிறது. அக்கடமையின் ஒரு பாதியாகிய வழங்கல், அண்மை ஆண்டுகளில் பெரிதும் முன்னேறியுள்ளது. நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரை வீட்டுக்கே குழாய் வழியாகக் கொண்டு சேர்ப்பது என்ற இலக்குடன் 2019 ஆகஸ்டு 15 அன்று ஜல் ஜீவன் இயக்கம் அறிவிக்கப்பட்ட பின், தெருக்குழாயடியில் குடங்கள் வரிசை கட்டிய பல ஊர்களில் இன்று வீட்டு வாசலிலேயே தண்ணீர் பிடிக்க முடிகிறது. மறுபாதியாகிய பாதுகாப்பு, கண்ணுக்குப் புலப்படாதது என்பதாலேயே பின்தங்கி நிற்கிறது. குழாய் பதிக்கப்பட்டதைப் பார்த்துக் கணக்கெழுதிவிடலாம். குழாயில் வரும் நீரில் நோய்க்கிருமி இல்லை என்பதை அளந்துதான் அறிய முடியும். நாள்தோறும் ஊரின் கடைக்கோடிக் குழாயில் எஞ்சிய குளோரினை அளப்பதும், அளந்ததை உள்ளது உள்ளபடி எழுதி ஊரார் பார்வைக்கு வைப்பதும் ஊராட்சிக் குடிநீர்ப் பணியின் மையமாக வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

இவ்வேண்டுகோளின் காரணம் சிற்றூர்க் குடிநீர் அமைப்பின் இயல்பிலேயே இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு, அதிலிருந்து நீரை ஏற்றும் மோட்டார், மேல்நிலைத் தொட்டி, தெருத்தெருவாகப் பிரித்துவிடும் கேட் வால்வுகள், அவற்றுக்கப்பால் வீட்டு இணைப்புகள் என்று பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இவ்வமைப்பில், நிலத்தடியிலிருந்து தூய்மையாகவே எழும் நீரும் வழியில் எந்த இடத்திலும் கெடலாம். கிணற்றுத் தலையைச் சுற்றிய சிமெண்ட் தளத்தில் விழுந்த வெடிப்பு, தொட்டியின் மூடாத மனிதத்துளை, சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாயின் தளர்ந்த இணைப்பு ஆகிய ஒவ்வொன்றும் மாசு நுழையும் வாயில். பெருநகரில் இவற்றைக் கவனிக்கப் பொறியாளர்களும் வேதியியலாளர்களும் முறைவைத்துப் பணிபுரிகிறார்கள்; சிற்றூரிலோ மோட்டார் போடுவது, வால்வு திருப்புவது, கசிவை அடைப்பது, தொட்டி கழுவுவது, மருந்து போடுவது ஆகிய அத்தனையும் பெரும்பாலும் ஒரே ஒரு தொட்டி இயக்குபவரின் தலையில் விழுகிறது.

இந்த வாயில்களுள் மிகவும் கவனிக்கப்படாதது, தண்ணீர் விடப்படாத நேரம். ஊராட்சி நீர் இருபத்துநான்கு மணி நேரமும் ஓடுவதில்லை. காலையிலோ மாலையிலோ குறிப்பிட்ட நேரம் திறந்துவிடப்பட்டுப் பின் நிறுத்தப்படுகிறது. வால்வை மூடியதும் குழாயில் தங்கிய நீர் பள்ளமான பகுதிக்கு வடிந்து செல்ல, மேடான பகுதியில் குழாயின் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தை விடக் குறைந்து, அருகில் உள்ள எதையும் உள்ளே இழுக்கும் உறிஞ்சுவிசை உண்டாகிறது. அழுத்தம் குறைந்த தெருக்களில் குழாய் வாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, அதைச் சுற்றிக் குழி தோண்டித் தண்ணீர் பிடிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. பாத்திரம் கழுவிய நீரும் மழைநீரும் ஆடு கோழிகளின் எச்சமும் அக்குழியில் தேங்குகின்றன. திருகு இல்லாத குழாய் வாயோ அதில் செருகிய பிளாஸ்டிக் டியூபோ அந்த நீரில் மூழ்கிக் கிடக்கிறது. வால்வு மூடப்பட்டதும் குழி நீர் குழாய்க்குள் ஏறி, மறுநாள் முதலில் வரும் நீரோடு கலந்து அடுத்த வீட்டுக் குடத்தில் இறங்குகிறது. சில வீடுகள் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும்போது, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே இதே கேடு நிகழ்கிறது. தொட்டியில் எடுத்த மாதிரி தூய்மையானது என்று ஆய்வகம் சான்றளித்தாலும் கடைசித் தெருவில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குழாய் வழியில் இவ்வாறு புகும் மாசுக்கு எதிராகவே எஞ்சிய குளோரின் காவலாக நிற்கிறது. நீரில் இடப்படும் குளோரின், முதலில் அதிலுள்ள கரிமப்பொருள், இரும்பு, அம்மோனியா போன்றவற்றோடு வினைபுரிந்து ஓரளவு தீர்ந்துபோகிறது. இவ்வாறு தீரும் அளவுக்குக் குளோரின் தேவை என்று பெயர். அத்தேவை போக, குறைந்தது அரை மணி நேரத் தொடர்புக்குப் பின்னும் நீரில் கரைந்து நின்று, வழியில் புகும் கிருமிகளைத் தாக்கும் ஆற்றலோடு இருப்பதே எஞ்சிய குளோரின். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 (2012), பயனாளியின் குழாயில் இது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்றும், வைரஸ் தொற்றிலிருந்து காப்பு வேண்டிய நிலையில் 0.5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்றும் வகுத்துள்ளது. அளக்கும் இடம் பயனாளியின் குழாய் என்று தரம் சொல்வதை ஆழ்ந்து கவனிக்க வேண்டும். மேட்டூரில் மதகு திறந்த செய்தி கேட்டுக் காவிரிப் படுகை விவசாயி நிறைவடைவதில்லை, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த பிறகே பாசனம் நடந்ததாக ஒப்புக்கொள்கிறார். குடிநீர்க் குளோரினையும் தொட்டியில் போட்டதை வைத்து அல்லாமல், கடைக்கோடிக் குழாய்க்கு வந்து சேர்ந்ததை வைத்தே மதிப்பிட வேண்டும்.

ஆய்வகச் சோதனை இதற்கு ஈடாகாது. கோலிபார்ம் என்ற குடல்வாழ் நுண்ணுயிர்த் தொகுதியைச் சேர்ந்த ஈ.கோலை, மலக்கலப்பின் நம்பகமான அடையாளம் என்பதால், 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றுகூடக் காணப்படலாகாது என்கிறது மேற்கண்ட தரம். ஆனால் மாதிரி எடுத்து, ஆய்வகம் சேர்த்து, வளர்ப்பு ஊடகத்தில் வைத்து முடிவு வருவதற்குள் அந்த நீரை ஊர் முழுவதும் குடித்து முடித்திருக்கும். அச்சோதனை அமைப்பின் நிலையைக் காலத்துக்குக் காலம் சரிபார்க்க இன்றியமையாதது. அன்றைய நீரைப் பற்றி அன்றே சொல்ல வல்லது குளோரின் அளவுதான். சிறு கண்ணாடிக் குழலில் குழாய் நீரைப் பிடித்து, டி.பி.டி. என்று சுருக்கமாக வழங்கும் வேதிப்பொருளின் மாத்திரை அல்லது தூளைக் கரைத்தால், குளோரினுக்கு ஏற்ப இளஞ்சிவப்பு நிறம் தோன்றும்; அதை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவைப் படிக்க ஓரிரு நிமிடங்கள் போதும். மஞ்சள் நிறம் காட்டும் ஆர்த்தோடாலிடின் கரைசலைக் கொண்டு குளோரோஸ்கோப்பில் அளக்கும் பழைய முறையும் புழக்கத்தில் உண்டு. அக்கரைசல் நச்சுத்தன்மை உடையது என்பதால் டி.பி.டி. முறைக்கு மாறுவதே நலம்.

அளவு சரியாக வர வேண்டுமானால் பிளீச்சிங் பவுடரைக் கையாளும் முறையும் சரியாக இருக்க வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற நடைமுறைக் கணக்கின்படி 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் தேவைப்படும். நல்ல தூளில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளோரின் கிடைக்கும் என்பதால், இது லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 மில்லிகிராம் குளோரினைத் தரும். ஆனால் இத்தூள் வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றாலும் வீரியம் இழப்பது. வாய் பிரித்த மூட்டையாக மோட்டார் அறையில் மாதக்கணக்கில் கிடந்து, கிடைக்கும் குளோரின் 15 விழுக்காடாகக் குறைந்த தூளில் அதே 120 கிராம் எடுத்தால், நீருக்குச் சேர்வது 0.6 மில்லிகிராம் மட்டுமே. அதில் குளோரின் தேவையும் வழிநெடுகிலான இழப்பும் போனால் கடைசி வீட்டுக்கு எதுவும் மிஞ்சாது. பதிவேட்டில் 120 கிராம் என்று எழுதியது முழு உண்மையாக இருந்தும் ஊர் பாதுகாப்பற்ற நீரைக் குடித்திருக்கும். ஆகவே இட்ட அளவை எழுதுவதோடு எஞ்சிய அளவையும் எழுதுவது கட்டாயமாகிறது.

தூளை அப்படியே தொட்டியில் கொட்டுவதும் தவறு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் தூளைச் சிறிது நீர்விட்டுக் களிபோலக் குழைத்து, பின் வாளி நிறையும்வரை நீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும்வரை விட்டுவைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அடிமண்டியைத் தொட்டிக்குள் விடலாகாது. தொட்டி நிறையும்போதே ஊற்றினால் வரும் நீரின் விசையில் நன்கு கலக்கும். கலந்து அரை மணி கழிந்த பின்னரே வால்வைத் திறக்க வேண்டும். இவ்வொழுங்கு தவறும்போது, முதல் தெருவில் மருந்து நெடி தாங்கமுடியாமலும் கடைசித் தெருவில் மருந்தே இல்லாமலும் போகிறது. நெடி குறித்து முதல் தெருவிலிருந்து புகார் வந்ததும் மருந்தையே குறைத்துவிடுவது எளிதான வழியாகத் தோன்றினாலும், அதன் விலையைக் கடைசித் தெரு தன் உடல்நலத்தால் கொடுக்க நேர்கிறது. சீராகக் கலப்பது, வழங்கும் வரிசையை மாற்றியமைப்பது, நீண்ட குழாய்த்தொடரில் இடையில் ஒரு மருந்திடும் இடம் அமைப்பது ஆகியவையே முறையான தீர்வுகள்.

அளக்காமல் எழுதுவதன் விளைவை, கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலுள்ள வாக்கர்ட்டன் என்ற சிற்றூரின் வரலாறு உலகுக்கே காட்டியிருக்கிறது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழ்ந்த அவ்வூரில், 2000-ஆம் ஆண்டு மே மாதத்தின் கனமழையில் அருகிலுள்ள பண்ணை நிலத்தின் சாணக் கழிவு, ஆழம் குறைந்த ஐந்தாம் எண் கிணற்றுக்குள் கசிந்தது. ஈ.கோலை ஓ157:எச்7 என்ற கொடிய வகையும் கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவும் குடிநீரில் கலந்து, ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர்; ஏழு பேர் உயிரிழந்தனர். நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 2002-இல் வெளிவந்தபோது பல உண்மைகள் தெளிந்தன. குளோரின் கருவி அங்கு இருந்தது. நாள்தோறும் எஞ்சிய குளோரினை அளக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. பதிவேடும் நிரப்பப்பட்டே வந்தது. ஆனால் இயக்குபவர்கள் பல நாட்களில் அளக்காமலேயே 0.5 என்றும் 0.75 என்றும் எழுதி வந்துள்ளனர். கிணற்று நீர் தூயதே என்று அவர்கள் உண்மையாகவே நம்பினர். குளோரின் சுவை பிடிக்காத ஊராரின் புகாரும் அவர்களை அழுத்தியது. மாசு இருப்பதாக ஆய்வகம் அறிவித்த முடிவு நீர் நிர்வாகத்தோடு நின்று, சுகாதாரத் துறையைச் சென்றடையவில்லை. துறையினர் கேட்டபோதும் நீர் நன்றாகவே இருப்பதாகப் பதில் சொல்லப்பட்டது. குளோரினை நாள்தோறும் உண்மையாக அளந்திருந்தாலே பாதிப்பின் அளவு வெகுவாகக் குறைந்திருக்கும் என்பது அவ்விசாரணையின் முடிவு.

வசதி மிகுந்த ஒரு நாட்டில், கருவியும் விதியும் பதிவேடும் இருந்தும் நேர்ந்தது அது. பதிவேட்டின் எல்லாப் பக்கங்களிலும் ஒரே எண் மாறாமல் நிற்குமானால், அது நல்ல நீருக்குச் சான்றாகாது. மழை, வெயில், தூளின் வீரியம், வழங்கும் நேரம் ஆகியவற்றுக்கேற்ப உண்மையான அளவு ஏறி இறங்கியே தீரும். குறைந்த அளவை எழுதிய இயக்குபவரைக் கடிந்துகொள்ளும் ஊராட்சி, அடுத்த நாள் முதல் பொய்யான நல்ல அளவையே பெறும். குறைவை உடனே சொன்னவருக்குப் பாராட்டும், சொல்லாமல் மறைத்ததற்கு மட்டும் கண்டிப்பும் என்ற நெறியைத் தலைவரும் செயலரும் வெளிப்படையாக அறிவித்தால்தான் பதிவேட்டில் உண்மை வந்து அமரும். சிறு ஊதியத்தில், மாற்று ஆள் இல்லாமல், விடுப்பின்றி உழைக்கும் தொட்டி இயக்குபவருக்கு உரிய நேரத்தில் ஊதியம், கையுறை, முகக்கவசம், முறையான பயிற்சி, தீர்ந்துபோகாத சோதனைப் பொருள் ஆகியவற்றைத் தருவதும் நீர்ப் பாதுகாப்பின் உள்ளடக்கமே ஆகும்.

குளோரின் அளவு சுழியாகக் காணப்பட்டால் செய்ய வேண்டியதையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். தொட்டியில் அளந்து பார்த்தல், அங்கும் குறைந்திருந்தால் மீண்டும் மருந்திடல், தொட்டியில் சரியாக இருந்து குழாயில் மட்டும் குறைந்திருந்தால் இடைவழியில் கசிவையும் குழிக் குழாயையும் தேடுதல், அதுவரை நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்குமாறு ஒலிபெருக்கி வழியாகவோ தண்டோரா போட்டோ தெரிவித்தல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே தகவல் தருதல் என்ற வரிசை ஊராட்சி அலுவலகச் சுவரிலும் மோட்டார் அறையிலும் எழுதப்பட்டிருந்தால், நெருக்கடியில் யாரும் தடுமாற வேண்டியதில்லை.

குளோரினின் எல்லையையும் மறவாமை வேண்டும். கலங்கல் மிகுந்த நீரில் மண்துகள் கிருமிகளுக்கு மறைவிடமாகி மருந்தின் வேலையைக் கெடுக்கிறது. நிலத்தடிப் பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடையும், உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் இறங்கும் நைட்ரேட்டையும் குளோரின் தொடுவதே இல்லை. நீரைக் கொதிக்கவைத்தாலும் இவை நீங்குவதில்லை. நீர் ஆவியாகும் அளவுக்கு இவற்றின் செறிவு கூடவே செய்யும். பற்களிலும் எலும்புகளிலும் ஃபுளோரைடு விளைத்த கேட்டை நெடுங்காலம் சுமந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தேவைப்பட்டது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது, வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 1.5 வரை பொறுக்கலாம், நைட்ரேட் 45-ஐத் தாண்டலாகாது என்பவை இந்தியத் தரத்தின் வரம்புகள். இவற்றைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்து முடிவை ஊருக்குச் சொல்வதும், கூட்டுக் குடிநீர் வராத நாட்களில் உள்ளூர் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலந்து விடும்போது அக்கலவையையும் சோதிப்பதும் ஊராட்சியின் பொறுப்பு.

மலக்கலப்பை ஊரிலேயே கண்டறிய, இந்திய ஆய்வாளர்கள் 1982-இல் வெளியிட்ட எளிய முறை ஒன்று உண்டு. வேதிப்பொருள் ஊறிய காகிதத் துண்டு வைத்த சிறு புட்டியில் குறியளவு நீரை நிரப்பி வைத்தால், மலக்கலப்போடு சேர்ந்துவரும் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு, ஒன்றிரண்டு நாட்களில் நீரைக் கறுக்கச் செய்கிறது. ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தரும் ஏற்பாடும் உள்ளது. பெட்டி அலுவலக அலமாரியில் உறங்காமல் அப்பெண்களின் கையிலேயே இருந்து, பருவமழைக்கு முன்னும் பின்னும், குழாய் பழுதுபார்த்த ஒவ்வொரு முறையும் பயன்பட்டால், இயக்குபவரின் பதிவுக்கு வேறொருவரின் சான்றும் கிடைக்கும்.

கடைக்கோடிக் குழாய் எங்கே இருக்கிறது என்ற கேள்வி, அளவைப் பற்றியது மட்டுமன்று, நீதியைப் பற்றியதும் ஆகும். பல ஊர்களில் குழாய்த்தொடர் ஊர்த்தெருவில் தொடங்கிக் காலனியில் முடிகிறது. அழுத்தமும் மருந்தும் குறைந்த நீர், ஏற்கெனவே எல்லாவற்றிலும் கடைசியாக வைக்கப்பட்ட மக்களுக்கே போய்ச் சேர்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடியிருப்புக்கு நீர் தந்த மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தபோது, பூட்டப்பட்ட மூடியும் காவலும் இல்லாத தொட்டி ஒரு சமூகத்தின் உயிரையும் மாண்பையும் ஒருசேர எவ்வளவு எளிதாகத் தாக்கக்கூடிய இடமாகிறது என்பதை நாடே கண்டது. தொட்டி மூடிக்குப் பூட்டு, ஏணிக்குத் தடுப்பு, மாதம் இருமுறை கழுவிய தேதியைத் தொட்டித் தூணில் எழுதுதல் ஆகியவை எல்லாக் குடியிருப்புகளுக்கும் ஒரே தரத்தில் நடைபெற வேண்டும். நாள்தோறும் காலனியின் கடைசி வீட்டில் அளப்பது என்று ஊராட்சி முடிவெடுத்தால், அந்த ஒரு முடிவே ஊர் முழுவதன் பாதுகாப்பையும் உறுதிசெய்துவிடும். கடைசி வீட்டுக்குக் காவல் சென்றடைந்த நாளில் அதற்கு முந்தைய வீடுகளுக்கும் அது சென்றிருக்கும்.

இதற்கு ஆகும் செலவு, புதிய தொட்டி ஒன்றின் செலவோடு ஒப்பிட மிகச் சிறியது. பதினைந்தாவது நிதிக்குழு, 2021 முதல் 2026 வரையிலான ஆண்டுகளுக்கு, ஊரக உள்ளாட்சிகளுக்கான மானியத்தில் 30 விழுக்காட்டைக் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கியது. இத்தகைய ஒதுக்கீடுகளில் ஒரு சிறு பகுதியைச் சோதனைப் பொருட்களுக்கும் பயிற்சிக்கும் மாற்று ஆளுக்கும் முறையாகத் தீர்மானித்து வைக்கலாம். உலக நீர் நாளான மார்ச் 22 தமிழ்நாட்டில் கிராமசபை கூடும் ஆறு நாட்களுள் ஒன்றாக இருப்பதால், குடிநீர்ப் பதிவேட்டை மக்கள் முன் வாசிக்க அதைவிடப் பொருத்தமான மன்றம் இல்லை.

ஆகவே ஒவ்வொரு கிராம ஊராட்சியும், அடுத்த கிராமசபையின் பொருள்நிரலில் மூன்று தீர்மானங்களைச் சேர்க்குமாறு இம்மடல் கேட்டுக்கொள்கிறது: குடிநீர்த் தொட்டி ஒவ்வொன்றுக்கும் உரிய கடைக்கோடிக் குழாயைப் பெயர் குறித்து அறிவித்து அங்கே நாள்தோறும் எஞ்சிய குளோரினை அளப்பது; அளவு 0.2-க்குக் குறைந்த நாட்களையும் அன்று எடுத்த நடவடிக்கையையும் மறைக்காமல் ஊர்ப் பலகையில் எழுதுவது; குறைவைச் சொன்னதற்காக எந்தத் தொட்டி இயக்குபவர் மீதும் நடவடிக்கை எடுப்பதில்லை என்று உறுதியளிப்பது. இவற்றை நிறைவேற்றும் அதிகாரமும் சட்டப்படியான கடமையும் தங்கள் கையில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவதற்கு ஒரு நோய்ப்பரவல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மதிப்புடன்,
ஊராட்சிக் குடிநீரைப் பருகும் குடிமக்கள் சார்பில்